அவர் பேசிய தமிழ் எங்கே? உள்துறை, சட்ட அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்துறை அமைச்சர் அவர்களுக்கும் சட்ட அமைச்சர் அவர்களுக்கும்,

வணக்கம். சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் மாணவர்களில் ஒருவரான புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர், வேலையிடத்திலிருந்து செம்புக் கேபிள்களைத் திருடிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையை முடித்துக்கொண்டு, சென்ற மாதம் ஊருக்கு விமானம் ஏறினார். அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிட வரவில்லை. அவர் போலிஸ் விசாரணை அறையில் என்ன சொன்னார் என்பதே இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் என்னை எழுத வைத்தது.

வழக்கறிஞர் வழியாகக் கிடைத்த ஆங்கில வாக்குமூலத்தை அவருக்கு வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில், 'கேபிள்களை எடுத்தேன், அது தவறு என்று எனக்குத் தெரியும்' என்னும் பொருளில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் அப்படிச் சொல்லல டீச்சர். சூப்பர்வைசர் லாரியில ஏத்தச் சொன்னாரு, ஏத்துனேன். தப்புன்னு இப்பதான் தெரியுதுன்னு சொன்னேன்" என்றார்.

இலக்கணம் கற்பித்தவள் என்பதால் 'இப்பதான்' என்ற அந்தச் சொல்லிலேயே என் மனம் நின்றுவிட்டது. பொருளை எடுத்த நேரத்தில் நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்பதைப் பொறுத்தே திருட்டுக் குற்றம் அமைகிறது. 'இப்போதுதான் தெரிகிறது' என்பவர் அப்போது தெரியாது என்கிறார். அந்தச் சொல்லையும் சூப்பர்வைசரையும் நீக்கிவிட்டால், எஞ்சுவது ஒப்புதல் வாக்குமூலம். உரைபெயர்ப்பாளர் உடனிருந்தார், வாசித்துக் காட்டினார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் வாங்கினார்கள் என்பதை அவரே சொல்கிறார். பிறகு ஏன் கையொப்பம் போட்டாய் என்று கேட்டேன். குளிர் தாங்கவில்லையாம், பல மணி நேரமாகிவிட்டதாம், ஒத்துக்கொண்டால் சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம் என்று சொன்னார்களாம். தம்மை விசாரித்த போலிஸ் அதிகாரியின்மீது அவருக்குக் கோபமும் இல்லை. "நல்ல மனுசன் டீச்சர், டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு" என்றார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258ஆம் பிரிவைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அச்சுறுத்தலாலோ ஆசைகாட்டலாலோ வாக்குறுதியாலோ பெறப்பட்ட வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்றும், ஒருவரின் சுயவிருப்பத்தை அரித்துக் குலைக்கும் நடத்தைகூட அந்த வரம்புக்குள் வரலாம் என்றும் அது சொல்கிறது. வாக்குமூலம் தானாக முன்வந்து தரப்பட்டது என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பும் அரசாங்கத் தரப்பினுடையது. ஆனால், அதே பிரிவின் இரண்டாம் விளக்கத்தை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஏமாற்றிப் பெற்றது என்பதற்காகவோ, பேசாமல் இருக்கலாம் என்று எச்சரிக்கவில்லை என்பதற்காகவோ, பதிவுசெய்த அதிகாரியோ உரைபெயர்ப்பாளரோ பதிவு விதிகளை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பதற்காகவோ மட்டும் ஒரு வாக்குமூலம் செல்லாததாகிவிடாது என்கிறது அது. வாசித்துக் காட்ட வேண்டும், புரிந்த மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 22ஆம் பிரிவு கட்டளையிட, அதைச் செய்யத் தவறினாலும் பெரிய பழுதில்லை என்று 258ஆம் பிரிவு ஆறுதல் சொல்கிறது. அந்த ஆறுதல் அதிகாரிக்குத்தான், ஊழியருக்கு அன்று.

இத்தகைய தவறுகளை நம் நீதிமன்றங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதில்லை. மரண தண்டனை பெற்றிருந்த சகோதரர்களில் ஒருவரை 2011இல் விடுவித்த காதர் வழக்கில், விதிகளை மீறிப் பதிவான வாக்குமூலங்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்த இந்தோனேசியப் பணிப்பெண்ணின் வழக்கிலும், வாக்குமூலம் அவருடைய மொழியில் பெயர்க்கப்படாதது கேள்விக்குள்ளானது. இவ்விருவருக்கும் இறுதிவரை போராட வழக்கறிஞர்கள் வாய்த்தார்கள். என் மாணவரோ, "கேஸ் நடத்துனா எத்தன மாசம் ஆகும் டீச்சர்?" என்று கேட்டார். வேலை போய்விட்டது, ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் ஊரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. வசதியில்லாதவர்களுக்காக வாதாட 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகமோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது.

அவர் கையொப்பமிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போலிசிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. போலிசிடம் அளித்த ஒப்புதலைக் குற்றத்திற்குச் சான்றாக்க முடியாது என்பது 1872 முதல் அவர் ஊரின் சட்டம். சொந்தக் காவலர்களையே நம்பாத வெள்ளைக்காரன் எழுதி வைத்தது அது. நம் சாட்சியச் சட்டமும் அந்தக் கொடியில் காய்த்ததுதான் என்றாலும், நாம் வேறு வழியில் போய்விட்டோம். சட்டம் அப்படி இருந்தும் 2020இல் தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் போலிஸ் காவலில் அடிபட்டு இறந்த தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்ததை நாம் அறிவோம். இங்கே யாரும் லத்தியைத் தூக்குவதில்லை என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால், அடி விழவில்லை என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் 258ஆம் பிரிவில் 'வாக்குறுதி' என்ற சொல்லுக்கு என்ன வேலை?

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஆங்கிலம் அறியாத எவரிடமும் நடத்தப்படும் விசாரணை, குற்றம் எதுவானாலும், முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கையொப்பம்வரை அவர் பேசும் மொழியிலேயே காணொளியாகப் பதிவுசெய்யப்பட வேண்டும். 2018 செப்டம்பரில் பாலியல் வன்புணர்வு வழக்குகளின் சந்தேக நபர்களுக்கு இந்த முறையை அறிமுகப்படுத்தியவர்கள் நீங்கள்தான். அதனால், முடியாது என்ற பதிலை என்னால் ஏற்க இயலவில்லை. நான் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் போலிஸ் கேமரா இருக்கிறது, போலிஸ் அதிகாரியின் சட்டையிலும் இருக்கிறது. சைக்கிளை யார் தள்ளிக்கொண்டு போனார்கள் என்பதைக் காட்டப் படம் இருக்கும் நாட்டில், ஒரு மனிதர் 'இப்பதான்' என்றாரா இல்லையா என்பதைக் காட்டப் படம் இல்லை. கேமராக்கள் தீர்ந்துவிட்டனவோ என்னவோ.

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். இந்தப் பதிவு அதிகாரிகளுக்கும் காப்பு. டீ வாங்கிக் கொடுத்த அந்த அதிகாரி உண்மையிலேயே எந்த வாக்குறுதியும் தரவில்லை என்றால், அதைக் காட்ட அவரிடமும் இன்று எதுவும் இல்லை. உரைபெயர்ப்பாளர் சரியாகவே பெயர்த்திருந்து, தட்டச்சில் சொல் விழுந்துபோயிருந்தால், அவரும் என்னைப் போன்றவர்களின் சந்தேகத்தைச் சுமக்கத்தான் வேண்டும். எல்லா வழக்குகளுக்கும் உடனே இயலாதென்றால், உரைபெயர்ப்பாளர் தேவைப்படும் விசாரணைகளில் குரலையாவது இந்த ஆண்டே பதிவுசெய்யத் தொடங்குமாறும், அந்தப் பதிவு தற்காப்புத் தரப்புக்குக் கிடைக்கச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்பலாம். எனக்கு இரண்டும் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
சிங்கப்பூர்