டேப்லெட்டுக்கு முன்னால் பாடத்தை அனுப்புங்கள்

இலங்கையின் வடக்கே, வன்னிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக டேப்லெட் திரட்டிவரும் அண்ணாச்சிமாருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

போன வாரம் வண்ணார்பேட்டைக் கூட்டத்தில், இரண்டாம் தவணையையும் அனுப்பிவிட்டு இங்கிருந்தே நேரலையில் பாடம் நடத்துவது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். முதல் தவணையில் போன டேப்லெட்டுகளில் எத்தனை இன்று வேலை செய்கின்றன என்றுகூட நமக்குத் தெரியவில்லை. ஆகவே கேட்கிறோம்: பாடம் முதலில் பள்ளிக்குள் போய்ச் சேரட்டும், நேரலை பிறகு.

நேரலை வகுப்பு வினாடிக்கு 1 மெகாபிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 நிமிடத்தில் ஒரு டேப்லெட்டுக்கு ஏறத்தாழ 340 எம்பி. 30 பிள்ளைகளுக்கு 10 ஜிபி, அதுவும் ஒரே பாடவேளைக்கு. பள்ளியில் இருப்பது 8 மெகாபிட் இணைப்பு என்றால், முப்பது பேரும் சேர்ந்து இழுக்கும்போது எல்லார் திரையும் உறையும், குரல் விட்டுவிட்டுக் கேட்கும். வீட்டிலோ அம்மாவின் ஒரே போன். டேட்டா தீர்ந்த அன்று பாடமும் நின்றது. போரில் ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009க்குப் பிறகு சட்டி பானையிலிருந்து மறுபடி சேர்த்த குடும்பங்கள் அவை. ரீசார்ஜ் போட முடியாத ஒரே காரணத்தால் ஒரு பிள்ளை வகுப்பில் பின்தங்குவது நம்மால் நேரக்கூடாது.

அதே பாடத்தைப் பதிவு செய்து 0.4 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் 135 எம்பி. இரவில் ஒருமுறை இறக்கினால் போதும். பாளையங்கால்வாயில் தண்ணீர் வரும்போது குளத்தை நிரப்பிக்கொண்டு, பிறகு மடை திறந்து வயலுக்கு விடுகிறோமே, அந்த வேலைதான் இது.

அதற்கு வேண்டியது, பாடங்களைச் சேமித்துவைத்து இணையம் இல்லாமலே டேப்லெட்டுகளுக்குக் கொடுக்கும் ஒரு பெட்டி. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி, அதில் இணையமின்றிப் பாடம் காட்டும் கோலிப்ரி மென்பொருள், பாடங்களைச் சேமிக்க 256 ஜிபி எஸ்எஸ்டி. மெமரி கார்டு வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெட்டுப்போகும். ராஸ்பெர்ரி பையின் சொந்த வைஃபை ஒரு வகுப்பைத் தாங்காது, தனி ரௌட்டர் வையுங்கள். இரண்டும் சேர்ந்து 15 வாட். எட்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணி. 12 வோல்ட் 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி தாராளம். சாதாரண ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் அது மட்டுமட்டு. வெயில் காலத்துக்கு 50 வாட் சோலார் தகடு போதும், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் வன்னி வானம் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். 100 வாட் போடுங்கள். பேட்டரியை அங்கேயே, வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்குவதுதான் நல்லது. முதுகு உப்பிய பழைய டேப்லெட் ஒன்றுகூட மூட்டைக்குள் போகக்கூடாது, தீப்பிடிக்கும்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதில்தான் மனம் அதிகம் வருந்துகிறது. நம் சமச்சீர்ப் புத்தகங்களை அப்படியே அனுப்பியிருக்கிறீர்கள். நமக்கு வேதியியல், அங்கே இரசாயனவியல். நமக்கு இயற்பியல், அங்கே பௌதிகவியல். வடிவியல் அங்கே கேத்திரகணிதம். சாதாரண தரம் என்னும் அங்குள்ள பொதுப் பரீட்சையின் தாளில் அவர்கள் சொல்தான் வரும். இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்வழிப் பாடநூல்களைப் பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகிறது. அவற்றையும் பழைய வினாத்தாள்களையும் முதலில் ஏற்றுங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளில் தமிழில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பாடத்தலைப்பை யூனிகோடில் கையால் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு, தங்கள் பள்ளியிலேயே பாடநூல்களின் ஒரு பிரதி இருப்பது சின்ன விஷயமல்ல.

டேப்லெட்டுகளை அடுக்கிவைத்து எடுத்த படம் எல்லார் போனுக்கும் வந்தது. அவற்றில் எத்தனை இன்று வேலை செய்கின்றன என்ற கணக்கு யாருக்கும் வரவில்லை. மேடைக்கும் பொன்னாடைக்கும் பணம் இருந்தது. பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க இல்லை என்றீர்கள். இலவசமாக வாங்குகிறவர்கள் குறை சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நாம் திருப்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடுமையாகப் பட்டால் பொறுத்தருளுங்கள், உங்கள் நல்ல மனதை நாங்கள் அறிவோம். இரண்டாம் தவணையை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். முதலில் இரண்டு பள்ளிக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக அங்குள்ள ஓர் ஆசிரியர், மாதம் ஒருமுறை பென்டிரைவில் புதிய பாடம். பெட்டியைச் சேர்த்து, பாடம் ஏற்றி, சோதித்துத் தரும் வேலையைக் கூலியில்லாமல் செய்ய ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். பாடம் முதலில் போகட்டும், அண்ணாச்சி.

மரியாதையுடன்,
பாளையங்கோட்டைக் கணினிப் பணியாளர்கள் சிலர்