வலுவிழந்தது ஒரு கால், சூடு தெரியாதது மறு கால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான தண்டுவடம் பற்றிய கட்டுரை எளிய நடையில் இருந்தது, பாராட்டுகள். ஆனால் உடன் வந்த படத்தில் உணர்வு நரம்புகள் அனைத்தும் ஒரே கோடாக மேலேறி, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் பக்கம் மாறுகின்றன. தண்டுவடக் காயம்பட்டவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் நான். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

மெல்லிய தொடுகை, அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவை தண்டுவடத்தின் பின்பகுதியில், வந்த பக்கமாகவே ஏறுகின்றன. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள நரம்பணுக்களிடம் செய்தியை ஒப்படைத்த பிறகே மறுபக்கம் கடக்கின்றன. வலியும் சூடும் அதுவரை பொறுப்பதில்லை; தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் கீழ்ப்பகுதியில் கடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரௌன்-செகார் என்ற ஆய்வாளர், விலங்குகளின் தண்டுவடத்தில் ஒரு பாதியை மட்டும் வெட்டி, வலியுணர்வு தண்டுவடத்துக்குள்ளேயே பக்கம் மாறுவதைக் காட்டினார்.

இது ஏட்டோடு நின்றுவிடும் செய்தி அல்ல. முதுகுப் பகுதியில் தண்டுவடத்தின் வலப்பாதி சிதைந்த ஓர் இளைஞரிடம் பயிற்சியின்போது கண்டதைச் சொல்கிறேன். அவரது வலக்கால் வலுவிழந்திருந்தது. கண்களை மூடச் சொல்லி அந்தக் காலின் பெருவிரலை அசைத்தால், மேலா கீழா என்று அவரால் சொல்ல முடியாது. கணுக்கால் எலும்பில் இசைக்கவையை வைத்தாலும் அதிர்வு தெரியாது. இடக்காலோ நன்றாக ஊன்றி நின்றது. ஆனால் அதில் ஊசி முனையை வைத்தால், "ஏதோ படுகிறது" என்பார், குத்துவது தெரியாது. வீட்டார் வலக்காலையே பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள். வெந்நீர் பட்டுக் கொப்பளித்தது இடக்கால். "நல்ல காலில் எப்படி உணர்வில்லாமல் போகும், நடிக்கிறாயா?" என்று உறவினர் ஒருவர் அவர் முகத்துக்கு நேரே கேட்டார். சுட்ட புண்ணைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வாட்டியது.

முகுளத்தின் பக்கவாட்டில் ரத்த ஓட்டம் தடைபட்டாலும் இதே திகைப்பு உண்டு. முகத்தில் பாதிப்பு உள்ள பக்கமும், கழுத்துக்குக் கீழே எதிர்ப்பக்கமும் வலியும் சூடும் தெரியாமல் போகும். வாலன்பெர்க் என்ற மருத்துவர் 1895இல் விவரித்த நிலை இது. இதைச் சொல்லும் நோயாளியும் எளிதில் நம்பப்படுவதில்லை.

இப்பாதைகள் கண்டறியப்பட்ட விதத்தையும் எழுதுங்கள். வெட்டப்பட்ட நரம்பிழை, தன் நரம்பணுவிலிருந்து பிரிந்த பகுதியில் சிதையும் என்று 1850இல் வாலர் என்ற ஆய்வாளர் காட்டினார். பிறகு மார்கி என்ற ஆய்வாளர் கண்ட சாயமுறை அந்தச் சிதைவைக் கரும்புள்ளிகளாகக் காட்டியது; அந்தப் புள்ளிகளைச் சீவல் சீவலாகப் பின்தொடர்ந்துதான் தண்டுவடத்திலிருந்து மூளைத்தண்டு வரை வழி கண்டார்கள். இன்று இதழ்களில் வரும் வண்ணமயமான எம்ஆர்ஐ நரம்புப் படங்கள், நீர் மூலக்கூறுகளின் நகர்வை வைத்துக் கணினி ஊகித்து வரைபவை. அவற்றை நேரடிப் புகைப்படம்போல் வெளியிட வேண்டாம்.

திருத்திய படம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். ஒவ்வொரு பாதையும் கடக்கும் இடத்தைத் தனி நிறத்தில் குறியுங்கள். தண்டுவடக் காயம்பட்டவரைக் குளிப்பாட்டும் முன், உணர்வு சரியாக உள்ள கையால் வெந்நீரின் சூட்டைப் பார்க்க வேண்டும், வலுவாக இருக்கும் காலுக்கும் அதே கவனம் தேவை என்ற குறிப்பையும் படத்தின் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர், வாசகி