காற்று வராத ஏ.சி.க்குக் கேஸ் ஏற்றுவது தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நாரும் நார்த்தூளும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளின் ஏ.சி. பழுதுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், கோடைதோறும் ஓட்டுநர்களின் பணம் வீணாகும் ஒரு வழக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். ஏ.சி.யில் காற்றே வரவில்லை என்று வண்டியைப் பட்டறையில் விட்டால், பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டி, "கேஸ் குறைவாக இருக்கிறது, ஏற்றிவிடலாம்" என்று சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கேஸ் ஏற்றிய பிறகும் காற்று பழையபடியே மெலிந்து வருகிறது. இரண்டு நாள் வாடகை வருமானம் அதிலேயே போய்விடுகிறது.

காற்றின் வேகம் வேறு, குளிர்ச்சி வேறு. காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் புளோயர். அதைக் குளிர வைப்பது கூலிங் காயிலும் அதற்குள் ஓடும் கேஸும். காற்று நன்றாக வந்து, குளிர்ச்சி மட்டும் இல்லையென்றால் கேஸையும் கம்ப்ரசரையும் சந்தேகிப்பது நியாயம். ஆனால் ஏ.சி. சுவிட்சை அணைத்துவிட்டு, புளோயரை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கும்போதும் காற்று மெலிந்தே வருமானால், அந்தக் குறைக்கும் கேஸுக்கும் தொடர்பே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். ஓட்டுநரே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று வடிகட்டும் பில்டர். பல வண்டிகளில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல் கழற்றிவிடக்கூடியது. நார்த்தூள் பறக்கும் களத்திலும் மண் சாலையிலும் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டருக்கு வெகு முன்னதாகவே இது அடைத்துப்போகும். பில்டரை எடுத்துவிட்டால் காற்று நன்றாக வருகிறது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். அதன் விளைவு சில மாதங்களில் தெரியும். ஏ.சி. ஓடும்போதெல்லாம் கூலிங் காயில் நனைந்தே இருப்பதால், பில்டர் தடுத்திருக்க வேண்டிய தூசி முழுவதும் அதன் மெல்லிய தகடுகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. நார்த்தூள் ஏற்றும் ஒரு வண்டியில் டேஷ்போர்டை இறக்கிக் காயிலை வெளியே எடுத்தபோது, அதன் முகம் முழுவதையும் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் கம்பளித் துணிபோல மூடியிருந்தது. விரலால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் அது ஒரே தாளாக உரிந்து வந்தது. அந்த வண்டிக்கு அதற்கு முன்பு வேறொரு பட்டறையில் இருமுறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். குறைந்த விலையில் முடிந்திருக்க வேண்டிய பில்டர் வேலை, டேஷ்போர்டையே இறக்கும் வேலையாகிவிட்டது.

புளோயர் மற்ற வேகங்களில் ஓடாமல் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். புளோயர் சத்தம் பலமாகக் கேட்டும் காற்று குறைவாக வந்தால் வழியில் அடைப்பு. சத்தமே மந்தமாக இருந்தால் மோட்டாரையோ உருகிய கனெக்டரையோ பார்க்க வேண்டும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் இடத்தில் வேப்பிலையும் புளியிலையும் சேர்ந்து அடைத்திருப்பதையும் அடிக்கடி காண்கிறேன்.

ஒரே ஒரு சூழ்நிலையில் மட்டும் கேஸுக்கும் இதில் பங்குண்டு. புறப்படும்போது நன்றாக வரும் காற்று அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்து நின்றுபோவதும், ஏ.சி.யை அணைத்துப் புளோயரை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டால் மீண்டும் வருவதும் கூலிங் காயிலில் பனிக்கட்டி கட்டுவதன் அடையாளம். கேஸ் குறைந்தாலும், கம்ப்ரசரை உரிய நேரத்தில் நிறுத்த வேண்டிய சென்சார் பழுதானாலும், பில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் இது நேரும். எது காரணம் என்று பார்க்காமல் கேஸை ஏற்றுவது முறையல்ல. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றுவது, ஏற்றியதை மீண்டும் காற்றில் விடுவதற்குச் சமம். இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸ், நூறாண்டுக் காலத்துக்குக் கணக்கிட்டால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. இவ்வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தம் என்ற சர்வதேச உடன்பாட்டுக்கு இந்தியா 2021-இல் ஒப்புதல் அளித்திருக்கிறது. எத்தனை கிராம் ஏற்ற வேண்டும் என்பது பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்க, கைக்கணக்கில் ஏற்றுவதைப் பட்டறைகள் நிறுத்த வேண்டும்.

ஓட்டுநரின் சொகுசுக்காக மட்டும் இதை எழுதவில்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையில் மழைக்காலத்தில் சரக்கேற்றிப் போகும்போது கண்ணாடியின் உட்புறம் மூடுபனிபோலப் படர்ந்துவிடுகிறது. அதை அகற்றுவது கண்ணாடியின் மேல் அடிக்கும் அந்தக் காற்றுதான். காற்று வராத வண்டியில் ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியெடுத்துத் துடைக்கிறார்.

மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்கள் 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும்போது அவற்றின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் அறிவித்தது வரவேற்கத்தக்கது. 3.5 டன்னுக்கு உட்பட்ட பிக்கப் வண்டிகள் அந்த விதிக்குள் வரவில்லை. ஏ.சி. உள்ள பிக்கப்களிலும் சிலவற்றில் பில்டரே கிடையாது. விதியைச் சிறிய சரக்கு வாகனங்களுக்கும் விரிவாக்குவதோடு, ஓட்டுநர் தாமே கழற்றி மாற்றக்கூடிய இடத்தில் பில்டர் இருக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்க்குமாறு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகன ஏ.சி. பழுதுநீக்கும் தொழிலாளி,
பொள்ளாச்சி.