மைனஸ் 25-இல் ஈரல்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சமையலறைத் தூசி அத்தனையும் அவர் கண்ணில் படுகிறதாம். நான் படும் பாட்டை நேரில் சொல்கிறேன்.

இனி உன் எலி ஈரல். உறைந்த திசுவிலிருந்து மெல்லிசாகச் சீவும் செக்‌ஷன் அப்பளமாய் நொறுங்குகிறது, புது பிளேடு போட்டும் கேட்கவில்லை என்கிறாய். பிளேடைத் திட்டாதே. அதன் முனையில் பழுது இருந்தால் மேலிருந்து கீழாகக் கீறல் ஓடும். உனக்கு வருவது பிளேடுக்கு இணையாகக் குறுக்கு வெடிப்பு. குளிர் மிஞ்சிவிட்டது, அவ்வளவுதான்.

உறைந்த திசுவைச் சீவும் மெஷினான கிரையோஸ்டாட்டை மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் வைத்து, மைனஸ் 80 ஃபிரீசரிலிருந்து எடுத்த கையோடு பிளாக்கை, அதாவது உறைந்த திசுக் கட்டியை, மாட்டினால், திரையில் என்ன எண் காட்டினாலும் பிளாக்கின் உட்புறம் அதைவிட வெகு குளிராகத்தான் இருக்கும். உள்ளே வைத்து மூடிவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலையைப் பார். ஈரலுக்கும் மூளைக்கும் மைனஸ் 15-ஐ ஒட்டி இருந்தாலே போதும். எங்கள் லேபுக்கு வரும் கொழுப்பு நிறைந்த மார்பகக் கட்டிகள் இதற்கு நேர் எதிர். கொழுப்பு மைனஸ் 25-க்குக் கீழே போனால்தான் கொஞ்சமாவது இறுகும், அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபோன் வந்துவிடும். எல்லாத் திசுவுக்கும் ஒரே எண்ணை எழுதி மெஷின் மேல் ஒட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சந்தேகமிருந்தால் இதைச் செய்து பார். கைப்பிடிச் சக்கரத்தைப் பூட்டு, பிளேடுக்குக் காப்பு போடு. பிறகு கையுறை போட்ட கட்டைவிரலைப் பிளாக்கின் முகத்தில் சில நொடி வைத்து எடுத்து, வெட்டு. ஓரிரண்டு செக்‌ஷன் முழுசாக வந்து, மறுபடி வெடிக்க ஆரம்பித்தால் குளிர்தான் காரணம். கிரையோஸ்டாட்டின் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றிக்கொண்டே போ. செக்‌ஷன் சுருங்கிப் பிளேடில் அப்பிக்கொண்டால் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டாய், கொஞ்சம் இறக்கு.

இத்தனைக்கும் பிறகு நொறுங்கினால், பிளாக் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மூடாமல் மாதக்கணக்கில் ஃபிரீசரில் கிடந்த திசு காய்ந்துபோயிருக்கும். மேல்பகுதியைச் சீவித் தள்ளினால் உள்ளே கொஞ்சம் தேறலாம், காய்ந்தது காய்ந்ததுதான். இனிமேல் ஓசிடி என்ற, திசுவைப் பதித்து உறையவைக்கும் பசையால் முழுக்க மூடி, ஃபாயிலில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு வை.

ஸ்லைடில் செல்லுக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, அது வேறு கதை. உறையும்போதே ஐஸ் படிகம் கட்டியிருக்கிறது, வெட்டும்போது எதைத் திருகினாலும் போகாது. திரவ நைட்ரஜனில் நேராகப் போட்டால் திசுவைச் சுற்றி ஆவி ஒரு போர்வையாகக் கட்டிக்கொண்டு உறைவதைத் தாமதப்படுத்தும். ஐசோபென்டேன் என்ற திரவத்தை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தை நைட்ரஜனில் இறக்கு. அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கியதும் திசுவைப் போடு. துண்டு சின்னதாக இருக்கட்டும். ஐசோபென்டேன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வைத்தே செய்.

அடுத்த கடிதத்தில் அந்த ஈரல் ஃபிரீசரில் எவ்வளவு காலம் இருந்தது, மூடி வைத்திருந்தார்களா என்று எழுது. மகளை விடுதியில் சேர்க்கிறாயா, வீட்டிலிருந்தே போகிறாளா?

அன்புடன்,
உன் பழைய லேப் தோழி