எங்க ஊரு மெக்கானிக் கையைக் கட்டிப் போடாதீங்க: நுகர்வோர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசு நுகர்வோர் நலத்துறை அதிகாரிகளுக்கு வணக்கமுங்க.

நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம். தேங்கா வியாபாரம், வேலந்தாவளம் வழியா கோயம்புத்தூருக்கு தினமும் போய்ட்டு வர்றவன். ஓட்டறது ஒரு பழைய கிராண்ட் டூரர், அதாவது தூரப் பயணத்துக்குன்னு செஞ்ச சொகுசு கார், ரெண்டு கதவு, எட்டு சிலிண்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், கம்பெனி பேரு இங்க வேண்டாம். கேக்க வந்தத மொதல்லயே சொல்லிடறேன். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கிடைக்கற ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் மேனுவல், வண்டியோட கம்ப்யூட்டர்ல கோளாறு பாத்து சரி பண்ற டயக்னாஸ்டிக் சாஃப்ட்வேர் இந்த மூணும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலைக்குக் கிடைச்சே ஆகணும்னு ஒரு சட்டம் போடுங்க.

பழைய கதை உங்களுக்குத் தெரியாததில்ல. 2014 ஆகஸ்ட்ல, வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்கற காம்பெட்டிஷன் கமிஷன் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபா அபராதம் போட்டாங்க, எதுக்கு, ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் டூலையும் வெளி வொர்க் ஷாப்புக்குக் குடுக்காம வெச்சுக்கறாங்கன்னுதான. அப்புறம் அப்பீலு கோர்ட்டுன்னு போயிருச்சு. 2022 டிசம்பர்ல நீங்களே ரைட் டு ரிப்பேர், அதாவது வாங்கின பொருளை ரிப்பேர் பண்ணிக்கற உரிமை, அதுக்குன்னு ஒரு போர்ட்டல் தொறந்தீங்க, விவசாயக் கருவி, மொபைல், வீட்டு சாமான்களோட ஆட்டோமொபைலையும் சேத்தீங்க. படிச்சப்ப நெசமாவே சந்தோசப்பட்டேன். ஆனா அந்தப் போர்ட்டலைக் காட்டி சர்வீஸ் சென்டர்ல ஒரு கேள்வி கேட்டா அவங்களுக்கு அது ஒரு வெப்சைட், அவ்வளவுதானுங்க.

என் வண்டிக்கு நடந்ததச் சொல்றேன். ஒரு நாள் காலையில ஷெட்டுக்குப் போனா முன்னாடி இடது பக்கம் வண்டி அப்படியே உக்காந்துருக்கு, ஃபெண்டர் டயரைத் தொடற மாதிரி. இந்த ரக வண்டியில ஸ்பிரிங்குக்கு பதிலா ரப்பர் பை மாதிரி ஒண்ணு, உள்ள காத்து, அதுதான் வண்டியைத் தூக்கி வெச்சிருக்கும். வயசானா ரப்பர் மடிப்புல வெடிப்பு விழும். எங்க ஊரு மெக்கானிக் அண்ணன் வந்தாரு, சோப்புத் தண்ணி அடிச்சாரு, மடிப்புல ஒரே எடத்துல நுரை பொங்குச்சு. "லீக் இங்கதானுங், இப்படியே ஓட்டுனா காத்தடிக்கற கம்ப்ரஸர் ஓயாம ஓடிச் சூடாகி அதுவும் போயிரும், ஒடனே மாத்திரலாமுங்"ன்னாரு. லேப்டாப் இல்லாம ஒரு சோப்பு பாட்டில்ல கண்டுபுடிச்சாரு.

கம்பெனி பார்ட்ஸ் கவுண்டர்ல கேட்டா தனியா விக்க மாட்டோம், வண்டியைக் கொண்டு வந்து எங்ககிட்டயே போட்டாத்தான்னுட்டாங்க. சரின்னு வெளி கம்பெனி ஸ்ட்ரட், அதான் அந்தக் காத்துப் பை இருக்கற முழு செட்டு, ஒண்ணு வரவழைச்சு அண்ணன் பூட்டிட்டாரு. சுத்தமான வேலை, ஒரு போல்ட் குறையல. அதுக்கப்புறம்தான் கதையே. ஸ்ட்ரட் மாத்தினா வண்டியோட உயரத்த வண்டிக்கே சொல்லிக் குடுக்கணும். வீல் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் மில்லிமீட்டர் கணக்குல அளந்து சாஃப்ட்வேர்ல ஏத்தணும். அண்ணன் டேப் புடிச்சு அளந்து நாலு நம்பரையும் தரையில சாக்பீஸ்ல எழுதியே வெச்சிட்டாரு. ஏத்தறதுக்கு வழி இல்ல. அவரு காசு போட்டு வாங்கி வெச்சிருக்கற ஸ்கேனர் எரரைப் படிக்கும், அழிக்கும், வண்டியை ஸ்டார்ட் பண்ணா மறுபடி வந்து நிக்கும். உள்ள எழுதற சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட மட்டும்தான் இருக்கு.

ஃப்ளாட் பெட் லாரி புடிச்சு எல்லை தாண்டி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். மூக்கு தாழ்ந்த வண்டி, ஏத்தறப்ப கீழ ஒரசாம இருக்க ரெண்டு பக்கமும் பலகை வெச்சு வெச்சு ஏத்தினோம். அங்க அட்வைசர் பானட்டைக்கூட தொறக்கல. "வெளியாளு கை வெச்ச வண்டிங்க சார், ரெண்டு பக்கமும் கம்பெனி ஸ்ட்ரட், கம்ப்ரஸர் எல்லாம் புதுசா போட்டாத்தான் கேலிப்ரேஷன் பண்ணுவோம்"னு, அதாவது அந்த உயரத்த ஏத்தறதுக்கு, ஒரு எஸ்டிமேட் நீட்டினாரு. அந்தக் காசுக்கு ஒரு புது ஆட்டோ வாங்கி ரோட்டுல விட்டுரலாம். நாலு நம்பர் டைப் பண்ற வேலைக்குங்க! எவ்வளவு வேணும்னாலும் லேபர் சார்ஜ் போடுங்க, தர்றேன்னேன். முடியாதுன்னுட்டாங்க. அதே லாரியில திருப்பிக் கொண்டு வந்தேன். அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னாரு, "என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியுமுங், உள்ள போற சாவிதான் எங்கிட்ட இல்ல."

இது பணக்காரன் பிரச்சனை, நமக்கென்னன்னு ஃபைலை மூடி வெச்சிராதீங்க. புதுசுல கோடிக்கு மேல வித்த வண்டிதான், ஆனா பத்து வருசம் தாண்டினா ஒரு புது எஸ்யூவி விலைக்கு எங்கள மாதிரி வியாபாரி கைக்கு வந்துருது. அப்படி வர்ற வண்டியை ஞாயித்துக்கிழமை மட்டும் எடுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, நிறுத்தி வெச்சாத்தான் இது கெட்டுப் போகும். பேட்டரி எறங்கும், சீல் காயும், டயரு ஒரு பக்கமா தட்டையாகும். பெட்டியை வெச்சுட்டு நூறு நூறு மைலா ஒரே மூச்சுல ஓடறதுக்குன்னே செஞ்ச வண்டி இது. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து லாரியையே ஆட்டறப்ப இது ரோட்டைப் புடிச்சுக்கிட்டு போகும் பாருங்க, அதுக்காகவே தினமும் எடுக்கறேன். லிட்டருக்கு ஆறு ஏழுதான் குடுக்கும், அதனால பெட்ரோல் எப்பவும் தமிழ்நாட்டுப் பக்கம்தான் போடறது, எங்க பக்கத்தவிட வெலை கம்மி. இதெல்லாம் தெரிஞ்சேதான் வாங்கினேன், செலவுக்கு நான் அழுகல. செலவு பண்ண ரெடியா இருக்கறவனுக்கு ரிப்பேர் பண்ண விடாம கதவைச் சாத்தறதுதான் எரிச்சலா இருக்கு.

இன்னைக்கு என் வண்டி. நாளைக்கு எங்க ஊரு டிராக்டரு, அடுத்து சின்ன கார் எலக்ட்ரிக் கார் எல்லாம், சீட்டு பெல்ட்டுக்குக்கூட ஒரு குட்டி கம்ப்யூட்டர் மாட்யூல் இருக்கற காலம் இது. அண்ணன் அம்பாசிடர்ல வேலை கத்தவரு. அவருகிட்ட ஸ்பானர் புடிச்ச பசங்க இப்ப ஒவ்வொருத்தனா டெலிவரி வேலைக்குப் போறானுங்க, ஏன்னா வர்ற வண்டியில பாதிய, சாஃப்ட்வேர் இல்லைன்னு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கு. ஸ்கில் இந்தியான்னு ஒரு பக்கம் பயிற்சி குடுக்கறீங்க, கத்துக்கிட்டவனுக்கு டூல் கிடைக்காதுன்னா அந்தப் பயிற்சிய வெச்சு அவன் என்ன பண்ணுவான், சொல்லுங்க. 15 வருசத்துக்கு ரோடு டாக்ஸை மொத்தமா வாங்கிக்கறாங்க, 15 வருசம் அந்த வண்டி ஓடறதுக்கு வழி யாரு பாக்கறது?

சரிங்க, கேக்க வந்ததுக்கு வந்தர்றேன். முடியாத காரியம் ஒண்ணும் கேக்கல. ஐரோப்பாவுல 2007லயே ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் குடுத்தாகணும்னு விதி கொண்டு வந்துட்டாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஜனங்க 2012ல ஓட்டுப் போட்டே சட்டம் வாங்கினாங்க. அங்க வண்டி விக்கற கம்பெனிங்கதான் இங்கயும் விக்கறாங்க. திருட்டுப் பயம்னு காரணம் சொல்லுவாங்க, நியாயம்தான். சாவி கோடிங், சரியான சாவி இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்கற இம்மொபிலைசர் இதுக்கு மட்டும் மெக்கானிக்கோட ஐடி, வண்டி ஆர்சி ரெண்டையும் பாத்து பதிவு பண்ணிக் குடுக்கட்டும். உயரம் செட் பண்றதுலயும் புது பேட்டரி மாட்டினத வண்டி கம்ப்யூட்டர்ல பதிவு பண்றதுலயும் என்னங்க திருட்டு இருக்கு?

அதனால தயவு பண்ணி ரைட் டு ரிப்பேரை போர்ட்டலோட நிறுத்தாம சட்டமாக்குங்க. பார்ட்ஸ், மேனுவல், சாஃப்ட்வேர் மூணும் வெளி மெக்கானிக்குக்கு வெலைக்குக் கிடைக்கணும், வெளிய வேலை பாத்த வண்டின்னு சர்வீஸ் சென்டர் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பினா காரணத்த எழுத்துல குடுக்கணும். வரைவு தயாரிக்கறப்ப பெரிய நகரத்து டீலருங்களை மட்டும் கூப்பிடாம எல்லைப் பக்கத்து வொர்க் ஷாப்காரங்க நாலு பேரையும் கூப்பிட்டுக் கேளுங்க. எங்க அண்ணனைக் கூப்பிட்டா நானே கூட்டிட்டு வர்றேனுங்க.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு வண்டிக்காரன்