செப்டம்பர்தோறும் நீளும் அவசரநிலை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பயங்கரவாதத் தொடர்புள்ளவர்களின் சொத்தை அந்நாட்டு அரசு பறிமுதல் செய்துவிடுவதாகச் சொல்கிறது. பெரும்பாலும் நடப்பது பறிமுதல் அல்ல, முடக்கம். பறிமுதலுக்கு வழக்கு, விசாரணை, தீர்ப்பு என்று ஒரு முடிவு உண்டு. முடக்கத்துக்கு நீதிமன்றமும் தேவையில்லை, முடிவுத் தேதியும் கிடையாது. கட்டுரை தொடாமல் விட்டது இதைத்தான்.

வெளிநாட்டிலிருந்து அசாதாரண அச்சுறுத்தல் எழுந்திருப்பதாக அதிபர் அவசரநிலை அறிவித்தால், சொத்துகளையும் பணப் பரிமாற்றங்களையும் தடுக்கும் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குத் தருகிறது. பயங்கரவாதத் தொடர்புள்ளவர்களின் சொத்தை முடக்க 2001 செப்டம்பர் 23 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட 13224 எண் நிர்வாக ஆணை இதன்படி பிறந்தது. 1976-ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டப்படி எந்த அவசரநிலையும் ஓராண்டில் தானே காலாவதியாக வேண்டும். ஆனால் கெடு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் அதிபர் ஓர் அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டு காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அனுப்பிவிட்டால் இன்னோர் ஆண்டு ஓடும். அதிபர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின. செப்டம்பர் அறிவிப்பு மட்டும் தவறியதில்லை. ஈரான் பிணைக்கைதிகள் நெருக்கடியின்போது 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த அவசரநிலையே இன்னும் நீடிக்கிறது.

காங்கிரஸ் தடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். முதலில் இரு அவைகளும் தீர்மானம் போட்டாலே அவசரநிலை முடிந்துவிடும் என்றுதான் சட்டம் இருந்தது. அதிபரின் கையெழுத்து இல்லாத இத்தகைய ரத்து அதிகாரம் செல்லாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கேற்ப 1985-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது முடிவுத் தீர்மானத்துக்கும் அதிபர் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அவசரநிலையை அறிவித்தவரே அதை முடிக்கவும் ஒப்ப வேண்டும் என்பது கட்டுப்பாடே இல்லை என்பதற்குச் சமம்.

முடக்கம் நடக்கும் விதம் இது. கருவூலத்துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் (வங்கி வட்டாரத்தில் ‘ஓஃபாக்’) பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறது. அந்தப் பெயருக்குரிய பணம் எந்த அமெரிக்க வங்கியிடம் இருந்தாலும் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். வட்டி தரும் தனிக் கணக்கில் போட்டு, 10 வேலை நாட்களுக்குள் ஓஃபாக்குக்குத் தெரிவிக்க வேண்டும். ஜூன் 30 நிலவரப்படி கையில் உள்ள முடக்கப் பணத்தை ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் கணக்குக் காட்ட வேண்டும். பணம் உரியவர் பேரிலேயே இருக்கும். ஓஃபாக்கின் உரிமம் (அதாவது அனுமதி) இல்லாமல் அவரால் தொட முடியாது. பட்டியலில் உள்ளவர்கள் சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், முடக்கப்பட்டதுதான். பல நிறுவனங்கள் சறுக்குவது இங்கேதான்.

இதைவிடக் கவலைக்குரிய பகுதி ஒன்று உண்டு. 2001 அக்டோபரில் வந்த பேட்ரியாட் சட்டம், பட்டியலில் சேர்க்காமலே ‘விசாரணை நிலுவையில்’ என்று சொல்லி முடக்கவும், ரகசிய ஆதாரத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் நீதிபதியிடம் மட்டும் தரவும் வழிசெய்தது. ஒஹாயோவின் கைண்ட்ஹார்ட்ஸ் அறக்கட்டளையை 2006-இல் இப்படித்தான் முடக்கினார்கள். பிடியாணை இல்லாமல், காரணமும் சொல்லாமல் முடக்கியது அரசமைப்புக்கு முரண் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2009-இல் சொன்னது. அதற்குள் அறக்கட்டளை செயலிழந்திருந்தது. பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் விசாரணைக்கால முடக்கத்துக்குச் சட்டத்திலேயே ஒரு கெடு இருந்தாக வேண்டும்.

வெளியுறவுத்துறையின் பட்டியலையும் 13224 ஆணைப்படி ஓஃபாக் வைத்திருக்கும் பட்டியலையும் கட்டுரை ஒன்றாகக் குழப்பியிருக்கிறது. வெளியுறவுத்துறையின் அயல்நாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியல் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவது. அதற்கு அவசரநிலை தேவையே இல்லை. விடுதலைப் புலிகள் அதில் 1997 அக்டோபரிலும், 13224 ஆணையின் பட்டியலில் 2001 நவம்பரிலும் சேர்க்கப்பட்டார்கள். தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தை 2007 நவம்பரில் முடக்கியது இரண்டாவது வகை. நிவாரணம் அனுப்புவோருக்கு இந்த வேறுபாடு முக்கியம். 1977 சட்டத்தில் உணவு, உடை, மருந்து நன்கொடைக்கு விலக்கு இருந்தது. 13224 ஆணையின் 4-ஆம் பிரிவு அதை எடுத்துவிட்டது. 2022 டிசம்பரில் ஓஃபாக் பொது உரிமங்கள் வழியாக மனிதநேயப் பணிகளுக்கு ஓரளவு வழி திறந்தது. ஆனால் முதல் பட்டியலில் உள்ள அமைப்புக்குப் ‘பொருளுதவி’ செய்வது தனிக் குற்றம். 20 ஆண்டு வரை சிறை. அதில் மருந்துக்கும் சமயப் பொருட்களுக்கும் மட்டுமே விலக்கு. அரிசிக்கும் கூடாரத்துக்கும் இல்லை. அமைதி வழிகளைப் பற்றி அந்த அமைப்புகளுக்குப் பயிற்சி தருவதுகூட இதில் அடங்கும் என்று 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. புலிகளும், துருக்கி அரசோடு போரிட்ட குர்திஷ் அமைப்பான பிகேகேவும் தொடர்புடைய வழக்கு அது.

டாலரில் பணம் அனுப்பும் வாசகர்களுக்கு ஒரு சொல். அப்பணம் பெரும்பாலும் நியூயார்க் வங்கி ஒன்றைக் கடந்தே போகிறது. தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர், சில ஆவணங்களில் அப்பா பெயரே குடும்பப் பெயர் என்று நம் பெயர்கள் இருப்பதால் பட்டியலில் உள்ள வேறொருவரின் பெயரோடு பொய்ப் பொருத்தம் எளிதில் விழும். வங்கி கேட்டால் விரித்த முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், கடவுச்சீட்டு எண், பணத்தின் நோக்கம் ஆகியவற்றை எழுத்தில் உடனே கொடுங்கள். பட்டியலில் உள்ளவரின் விவரத்தோடு ஒப்பிட்டு விடுவிக்க அவைதான் உதவும். அந்தக் கட்டத்தில் பணம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே தவிர முடக்கப்படவில்லை. உண்மையாகவே முடங்கிவிட்டால் ‘எனக்கே திருப்பி அனுப்புங்கள்’ என்று வங்கியிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அனுப்பினால் வங்கிதான் குற்றவாளியாகும். ஓஃபாக்கிடம் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அனுப்பிய ரசீதும் வங்கியின் முடக்க அறிவிப்பும் வேண்டியிருக்கும்.

– வங்கித்துறை வாசகர், திருச்சி