எட்டு ஃபார்முலாவையும் பெட்டி கட்டிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் தேர்வுக் குறிப்புப் பக்கத்தில் போன வாரம் முக்கோணவியல் வந்திருந்தது. பார்த்ததும் சந்தோஷம், படித்ததும் எரிச்சல். பெருக்கலைக் கூட்டலாக மாற்ற நான்கு, கூட்டலைப் பெருக்கலாக மாற்ற நான்கு என்று எட்டு ஃபார்முலாவையும் பெட்டி கட்டிப் போட்டு, அடியில் 'கட்டாயம் மனப்பாடம் செய்யவும்' என்று ஒரு வரி. நீடாமங்கலம் பக்கம் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இந்த எட்டையும் உருப்போட்டவர்கள்தான் பரீட்சையில் முதலில் தடுமாறுகிறார்கள்.

சைன் (ஏ+பி), சைன் (ஏ−பி) இரண்டின் விரிவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்றின்கீழ் ஒன்று எழுதிக் கூட்டினால் காஸ் ஏ சைன் பி அடிபட்டு 2 சைன் ஏ காஸ் பி நிற்கும், கழித்தால் 2 காஸ் ஏ சைன் பி. காஸுக்கும் இதே வேலைதான். அப்புறம் ஏ+பி-யை சி என்றும் ஏ−பி-யை டி என்றும் வைத்தால், ஏ என்பது இவற்றின் கூட்டலில் பாதி, பி என்பது கழித்தலில் பாதி, அவ்வளவுதான், மீதி நான்கும் வந்துவிட்டன.

மார்க் போகிற இடம் காஸ் சி − காஸ் டி. அது −2 சைன் (சி+டி)/2 சைன் (சி−டி)/2 ஆகும்; முன்னால் இருக்கிற அந்த மைனஸைத்தான் விட்டுவிடுவார்கள். சி-க்கு 90°, டி-க்கு 0° போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் −1 வரும், மைனஸ் இல்லாமல் எழுதியவர்களுக்கு வலப்பக்கம் +1 வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

சைன் 50° − சைன் 70° + சைன் 10° = 0 என நிறுவச் சொன்னால், "எதை எதோடு சேர்க்கணும் டீச்சர்?" என்பார்கள். 50-ஐயும் 10-ஐயும் சேர்த்தால் கூட்டலில் பாதி 30°, கழித்தலில் பாதி 20°. 2 சைன் 30° என்பது 1, ஆக மிஞ்சுவது காஸ் 20°, அதுவேதான் சைன் 70°. வேறு எந்த இரண்டைச் சேர்த்தாலும் 30° அல்லது 60° வந்து கைகொடுக்கும், செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருந்து எழுதுவதால் ராமானுஜனை இழுக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் மேதை, எங்கள் பிள்ளைகளுக்கு அஞ்சு மார்க் கேள்வி ஒன்று வந்தால் போதும். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று இதை மேலோட்டமாகத் தாண்டிவிட்டால், தொகையிடலில் (இன்டக்ரேஷன்) சைன் 3எக்ஸ் காஸ் 2எக்ஸ் வரும்போது கூட்டலாக மாற்றத் தெரியாமல் முழிப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை லீவு விட்டு விட்டு வரும், அரையாண்டுக்கு முன்னால் பாடம் நடக்கிற நாளே குறைவு. அப்போது வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு உங்கள் பக்கம்தான் வாத்தியார். அதனால் அடுத்த முறை பெட்டிக்குப் பதில் அந்த நாலு வரிக் கூட்டல் கழித்தலைப் போடுங்கள்.

இன்னொன்று, நான் சொன்ன அந்த மைனஸ் உங்கள் அச்சிலும் விடுபட்டுவிட்டது. சீக்கிரம் திருத்தம் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டார்கள்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் எடுக்கும் வாசகி,
நீடாமங்கலம்